சத்திக்கு மடியில் போன மிக்சரும் சரசக்காவின் குரலும்

தொண்ணூற்றாறு தை மாதம் நான் சத்தி என்கிற சத்தியமங்கலம் போனது அணை பார்க்க அல்ல, ஒரு குரலைப் பதிவு செய்ய. என் சித்தி மகள் சரசக்காவுக்குத் தொண்டையில் கட்டி. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு பாட வருமா என்று டாக்டருக்கே உறுதியில்லை. மாரியம்மன் கோயிலில் அக்கா வருடாவருடம் பாடும் பாட்டைக் கேசட்டில் எடுத்துத் தரச் சொல்லி அவள் மகள் கவிதா போனில் அழுதாள். கோவையிலேயே கிடந்த நான் அதுவரை அக்கா பாடிக் கேட்டதே இல்லை.

கணபதியில் சவுண்ட் சர்வீஸ் நடத்திய முருகேசனை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டி, மைக், கேசட் டெக்கோடு கிளப்பினேன். காந்திபுரத்தில் காலை ஆறரைக்கு பஸ். அன்னூர், புளியம்பட்டி வழியாக எழுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் பதினாலு ரூபாய் என்று ஞாபகம். மிக்சருக்கு லக்கேஜ் போட வந்த கண்டக்டரிடம், மடியில் இருப்பதால் கைக்குழந்தைக் கணக்குதான் என்று வாதாடி முருகேசன் ஜெயித்தார். புளியம்பட்டியில் இறங்கி டீ குடிக்க நேரம் இருக்கும்.

அக்கா வீட்டில் எல்லாம் மாட்டிவிட்டு, லெவல் பார்க்க இரண்டு வரி பாடச் சொன்னார் முருகேசன். அக்கா மறுத்தாள். கற்பூரம் ஏற்றாமல் அம்மன் பாட்டை வாயில் எடுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. ஒரு தடவைக்கு மேல் பாடக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். சரி, பேசினால் போதும் என்று கேசட்டை ஓடவிட்டார் முருகேசன்.

அக்கா மைக்கைப் பார்த்துக் கூச்சத்தோடு மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தானுங்க போகோணும். பருப்பு கடைஞ்சு வெச்சிருக்கறனுங்க."

டெக்கில் சத்த அளவு காட்டும் முள் அசையவில்லை. மைக் சத்தம் மிக்சருக்குள் நுழையும் இடத்திலேயே அதை ஏற்றித் தர ஒரு குமிழ் உண்டு, கெயின் என்பார்கள். அதை முக்கால்வாசி திருகி, அக்காவை அதையே திரும்பச் சொல்லவைத்த பிறகே முள் நடுவுக்கு வந்தது.

கற்பூரம் எரிந்தது. அக்கா வாயைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பிடக் கூப்பிட்ட அதே தொண்டையா இது? முள் வலது கோடியில் முட்டி நின்றது. முருகேசன் பதறிப்போய்க் கீழே இருந்த ஃபேடரை, அதாவது மிக்சரிலிருந்து வெளியே போகும் சத்தத்தைக் குறைக்கும் தள்ளுகட்டையை, இறக்கினார், முள் அடங்கியது, எங்களுக்கு மூச்சு வந்தது. நேரில் கேட்ட முழக்கத்தில் ஹெட்போனில் என்ன வருகிறது என்பது அவருக்கே தெரியவில்லை.

போட்டுக் கேட்டபோதுதான் இடி விழுந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரப்பு. முருகேசன் முகம் வெளுத்துவிட்டது. கெயினிலேயே குரல் உடைந்துபோயிருந்தது. ஃபேடரை இறக்கியதில் உடைந்த குரலின் சத்தம்தான் குறைந்தது.

கவிதா அம்மாவைப் பார்த்தாள். அக்கா டாக்டர் பேச்சைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை முயன்றாள், வெறும் காற்றுதான் வந்தது. பிறகு எழுந்துபோய் எங்களுக்கு இலை போட்டாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை.

இப்படிப் பதிவு செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பேச்சை வைத்து லெவல் வைக்காதீர்கள். பாட்டின் உச்ச வரிக்கு வையுங்கள், வேண்டுமானால் முதலிலேயே கற்பூரம் ஏற்றச் சொல்லுங்கள். முள் எகிறினால் முதலில் கெயினைக் குறையுங்கள்.

அடுத்த வருடம் கவிதா போன் செய்தாள். கேசட்டில் பாட்டை அழித்துவிட்டாளாம். நான் அதிர்ந்துபோய் ஏன் என்று கேட்டேன்.

"அது அம்மா குரலே இல்லீங் மாமா. சாப்பிடச் சொல்றது மட்டும் தெளிவா இருக்குதுங்க. தெனமும் அதத்தான் போட்டுக் கேக்கறோம்."