பபா லேன்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த லேனுக்கு மலோரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பேர். எங்கள் ஆட்களின் வாயில் அது எப்போதோ மல்லிகை லேன் ஆகிவிட்டிருந்தது. பேருக்குக்கூட ஒரு மல்லிகைச் செடி அங்கே கிடையாது. அந்த உப்புக்காற்றில் முருங்கை நின்றதே பெரிய காரியம்.

சித்தி மட்டும் லேனின் இந்த இரண்டு பேரில் எதையும் சொல்லமாட்டார். சித்தப்பா அட்டனில் கிளார்க்காக இருந்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த மலைநாட்டுப் பெண் அவர். ரிக்‌ஷாக்காரரிடம் "பேக்கரிக்குப் பக்கத்து லேன்" என்பார். வெள்ளவத்தையில் பேக்கரிக்கா பஞ்சம்? ஒருமுறை வேறொரு பேக்கரி வாசலில் இறங்கி, தெப்பமாக நனைந்து வீடு வந்தோம். பாவம், சித்திக்கு இங்கிலீஷ் வாயில் வராது என்று நினைத்தேன். ஐந்து வயதில் எனக்கு அவ்வளவு பெருந்தன்மை. "ம-லோ-ரி, சொல்லுங்கோ சித்தி" என்று பாடம் எடுப்பேன். அவர் ஒரு துண்டு பேக்கரிப் பணிஸை என் வாயில் திணித்துப் பாடத்தை முடித்துவிடுவார்.

அந்தத் துரை காப்பித் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஈவிரக்கமில்லாமல் காட்டுவழியே நடக்கவைத்துக் கொண்டுபோன கதை ஒருநாள் பத்திரிகையில் வந்தது. லேன் கொதித்தது. எல்லோரும் ஒரே பேரில் ஒத்து வந்தால் மாற்றித் தருவதாக மாநகரசபை அங்கத்தவர் சொல்லிவிட்டார். ஒத்து வருவதாவது! எங்கள் வீட்டு ஹோலில் கூடி, ஆளுக்கொரு சாமியின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். "மல்லிகை லேன் எண்டே எழுதிப்போட்டால் என்ன? துரையும் போயிடுவான், தபால்காரரும் குழம்பமாட்டார்."

எல்லோரும் கைதட்டினார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற சித்தி, கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவர், திறந்தார்.

"அதுவும் அந்த ஆளு பேருதாங்க. தலையில பூ வச்சிருக்கு, அவ்வளவுதான்."

பிறகு, கட்டிய நாளிலிருந்து சித்தப்பாவுக்கே சொல்லாததைச் சொன்னார். "எங்க தாத்தாவோட தங்கச்சி. நடந்து வர்ற வழியில காய்ச்சல். யாரும் நிக்கக்கூடாதுன்னு துரை உத்தரவு. மரத்தடியில படுக்க வச்சிட்டு வந்துட்டாங்க."

"அந்தப் பிள்ளையின்ட பேர் என்ன?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதுங்க. பாப்பான்னுதான் வீட்டுல சொல்லுவாங்க."

சித்தப்பா எழுந்துபோய் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். "அப்ப பபா லேன் எண்டு வைப்பம்" என்றார். சித்தியின் பாப்பா எங்கள் வாயில் பபா. அரைகுறைத் தமிழில் கதையைப் பிடித்துக்கொண்ட சிங்களப் பேக்கரி முதலாளிக்கும் பபா என்றால் குழந்தைதான். "பபா லேன்? ஹரி ஷோக்! நல்ல பேர்!" என்றார் அவர். சாமிகள் எல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டன.

இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் அப்பாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். எழும்பியபோது எல்லோரும் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் என்னைத்தான் பபா என்று கூப்பிடுவார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்? மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியாயிற்று.

புதுப் பேர்ப் பலகை ஏறிய அன்று சித்தியும் நானும் சந்தையிலிருந்து திரும்பினோம். ரிக்‌ஷாவில் ஏறியதும் சித்தி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பபா லேனுக்குப் போங்க."

என் பேரை அத்தனை சத்தமாகக் கேட்டதும் நான் ராணிபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் சித்தியின் கன்னம் நனைந்திருந்தது. எனக்கு உடனே காரணம் விளங்கிவிட்டது.

"அழாதேங்கோ சித்தி" என்றேன். "உங்கட பேரையும் ஒரு ரோட்டுக்கு வைப்பினம்."

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரிக்‌ஷாக்காரரிடம் இன்னொரு தரம் சொன்னார்: "பபா லேன்."