சுடுசோற்றின் நாற்றம்

மூளைக்காய்ச்சலில் பிழைத்து வீடு திரும்பிய என்னைப் பார்த்து எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "சோறு ஏண்டி திங்க மாட்டேங்குற?" பதில் சொன்னால் யார் நம்பினார்கள்? சுடச்சுட வடித்த சோற்றின் ஆவி எனக்கு மயிர் கருகுகிற மாதிரி நாறியது. தாளித்த குழம்பில் செத்த எலி வாடை. வாயில் வைத்தாலே குமட்டியது. காய்ச்சல் மூக்கைக் கெடுத்துவிட்டது, மெதுவாகத்தான் தெளியும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். "மூக்காவது நாக்காவது, எல்லாம் கொழுப்பு" என்றாள் அத்தை. எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்குக் கொழுப்பாம்!

ஒரு நாள் பசி தாங்காமல், அம்மா தனக்கென்று தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பழையதில் கை வைத்தேன். ஆவி இல்லை, நாற்றமும் இல்லை. உப்புப் போட்டு அழுதுகொண்டே தின்றேன். அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார்.

வலங்கைமான் பக்கம் ஒரு பண்ணையில் மாடு மேய்த்த வயதில், கொல்லைப்புறம் நின்று கையேந்தி அவர் வாங்கித் தின்றது பழையதுதான். பிறகு கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி பிடித்தார், அடிபட்டார், ஜெயிலுக்கும் போனார். கூலி உயர்ந்த அறுவடையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: பிள்ளைகள் தட்டில் சுடுசோறுதான் விழ வேண்டும்.

"தம்பிங்களுக்கு விட்டுக் குடுக்குறியா? வீட்டுல நெல்லு இல்லையா? எம்மவ பண்ணையாள் சோத்தத் திங்கவா நான் அடிபட்டேன்?" என்று கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் கொட்டினார். கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

அதன்பின் தினமும் என் எதிரில் உட்கார்ந்து சுடுசோறு தின்ன வைத்தார். நான் தின்றேன், வாந்தியெடுத்தேன். எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் போன ஒரு மத்தியானம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளினேன்.

"ஆண்டைகிட்ட அவ்வளவு பேசுனியேப்பா, என் பேச்ச மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குற? அங்க அவரு போட்டதத் திங்கணும், இங்க நீ போட்டதத் திங்கணும். எனக்கு என்ன விடிஞ்சிது?"

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போனார். மறுநாள் காலையில் அம்மாவின் பானையிலிருந்து அவரே பழையதை அள்ளிப் பிழிந்து, இரண்டு கிண்ணங்களில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தின்னு. இது நம்ம நெல்லு. எவனும் போட்டதில்ல."

சொல்லிவிட்டுத் தானும் ஒரு வாய் வைத்தார். தொண்டைக்குள் போகவில்லை. வாசலுக்கு ஓடிக் குமட்டித் துப்பினார். அவர் மூக்குக்கு எந்தக் காய்ச்சலும் வந்ததில்லை.

கண்ணில் நீர் முட்ட, வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். "சுடுசோறு உனக்கும் இப்படித்தான் இருக்குதா?"

இத்தனை மாதத்தில் அதைக் கேட்க ஓர் ஆளுக்குத் தோன்றியதே! கிண்ணம் காலியாகும்வரை தின்றேன்.