நான் சொன்ன ஊர்

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் வேலை பார்த்த மஸ்கட்டுக்கு நம் நாட்டு அணி கால்பந்து ஆட வந்தது. ஊர்த் திருவிழாவுக்குப் போவதுபோல் நாங்கள் அலுவலக நண்பர்கள் கிளம்பிப் போனோம். என் பக்கத்து இருக்கையில் ஒரு கட்டடத் தொழிலாளி. மடிப்புக் கலையாத புதுச் சட்டை, சிமெண்டில் வெடித்த விரல்கள். நம் ஆட்டக்காரர் எவர் விழுந்தாலும், தூக்கிவிடப் போகிறவர்போலப் பாதி எழுந்துவிடுவார்.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்தார். “தமிழுங்களா? எந்தூருங்க? நான் ஜவ்வாது மலைங்க. சந்தவாசல்லேந்து மேல ஏறணும்.”

நான் பிறந்து வளர்ந்ததே சந்தவாசல்தான். நண்பர்கள் முன்னால் அவருக்கு ஊர்க்காரனாக இருக்கக் கூச்சப்பட்டேன். “கோயம்புத்தூர்” என்றேன்.

“அப்டிங்களா. நம்ம பக்கத்து ஆளா இருந்தா, லீவுல போறப்ப எங்கம்மாகிட்ட நான் நல்லா கீறேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லலாம்னு பாத்தேன். கடுதாசி போட்டா அதுக்குப் படிக்கத் தெரியாது.”

மறுவாரம் எனக்கு விடுப்பு. ஆனாலும் நான் நண்பர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டம் முடியும் நேரத்தில், கோல்கீப்பர் இல்லாத கோலுக்கு முன்னால் நின்றும் நம் ஆள் பந்தை வெளியே அடித்தான். “இன்னாடா, இப்டி வுட்டுட்டியே” என்று கத்திவிட்டேன்.

அவர் மெல்லத் திரும்பினார். “கோயம்புத்தூர்லயும் இன்னான்னுதான் சொல்றாங்களா சார்?” குரலில் கோபமே இல்லை. அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவில்லை.

விடுப்பில் இருபது நாள் சந்தவாசலில் இருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். அவர் பெயரைக் கேட்கவில்லையே, எங்கே போய்த் தேடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் மலை ஏறியிருப்பேனா என்பது இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.