எல்லோரும் மூன்று வழங்கிய கட்டுரை

2018ஆம் ஆண்டு மே 14, திங்கட்கிழமை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியின்மீது விடியற்காலை முதல் இடி உருண்டுகொண்டிருந்தது. எட்டு மணிக்கு ஆலங்கட்டி மழையும் பெய்தது. நனைந்தபடியே பதினான்கு பேராசிரியர்கள் பிளம் கிரீக் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தனர். பட்டம் பெறவிருக்கும் மாணவர்கள் உண்மையில் எதைக் கற்றார்கள் என்பதை அறிய, அவர்களுடைய கட்டுரைகளைப் படித்து ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் வழங்குவது கோடைதோறும் நிகழும் வழக்கம். மூன்று என்றால் இலக்கை எட்டியாயிற்று என்று பொருள்.

அந்தக் கற்றல் மதிப்பீட்டுத் திட்டத்தைப் பதினாறு ஆண்டுகள் நடத்திய வெர்லின் ஓஸ்ட்மன் அம்மாத இறுதியில் ஓய்வு பெறவிருந்தார். அப்பதவிக்கு இருவர் பெயர்கள் அடிபட்டன. ஒருவர் வெளியூர் முனைவர். மற்றவர் ஆர்லீன் கூபிக். ஆர்லீன் சோள விவசாயியின் மகள்; முனைவர் பட்டம் இல்லாதவர்; பத்தொன்பது ஆண்டுகளாக ஆண்டு ஒப்பந்தத்தில் எழுத்துப் பயிற்சி அளித்துவந்தவர். பதவியை மிகவும் விரும்பினார். விருப்பத்தை ஒருவரிடமும் மறைக்கவில்லை. அன்றைய அமர்வை அவரே நடத்தவேண்டும், நியமனத்தை முடிவுசெய்யும் கல்விப் பணித் தலைவர் ரொசலிண்ட் பெக் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பார் என்பது ஏற்பாடு.

அளவுகோல்களை ஒத்துப்பார்ப்பதற்காக முதலில் அனைவரும் ஒரே கட்டுரையைப் படிப்பார்கள். படித்தார்கள். பதினான்கு கைகளும் மூன்று விரல்களை உயர்த்தின.

"பாத்தீங்களா, ஒரே குரல்! வருஷா வருஷம் இப்படித்தான்," என்றார் வெர்லின், பெருமிதத்தோடு.

"இதே வேகத்துல போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் வரலாற்றுப் பேராசிரியர் டுவேன், பழப்பாகு வைத்த கொலாச்சி ரொட்டியை மென்றபடி.

ஆர்லீனின் முகம் சிவந்திருந்தது. "இதை எழுதின பையன் பட்டம் வாங்கப் போறவன் இல்ல. முதல் வருஷ மாணவன், சேர்ந்த ரெண்டாவது வாரம் எழுதினது. அவன்கிட்ட அனுமதி வாங்கித்தான் முதல் கட்டுரையா வச்சேன்."

அறையே கொந்தளித்தது.

"எங்களை மாட்டிவிட்டுட்டியே, ஆர்லீன்!"

"நீங்களாத்தான் மாட்டிக்கிட்டீங்க, டுவேன். ரெண்டு போட்டா ஏன்னு சொல்லணும். நாலு போட்டாலும் சொல்லணும். மூணு போட்டா யாரும் கேக்கமாட்டாங்க."

"அப்ப நான் படிக்கவே இல்லைங்கறியா?"

"படிச்சீங்களா?"

"முதல் பக்கம்," என்றார் டுவேன். சிரிப்பில் மேசைகள் அதிர்ந்தன.

அதன்பின் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மேற்கோளை ஒட்டவச்சா அது சான்றாயிடுமா?" என்று வேதியியலார் கத்தினார், இசைத் துறையார் அவருக்கு மேலாகக் கத்தினார். ஒன்றுகள் விழுந்தன, இரண்டுகள் விழுந்தன. மாணவி ஒருத்தியின் கட்டுரையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுக்கு நாலு குடுக்காம நான் இங்கேயிருந்து நகரமாட்டேன்!" என்று எழுந்து நின்றவர் அதே டுவேன். ஆர்லீன் பலகைக்கும் மேசைகளுக்குமாக ஓடினார்.

"என் பதினாறு வருஷத்தை அரைமணி நேரத்துல கவுத்துட்டியே," என்றார் வெர்லின். வருத்தம் இருந்தது; ஆனாலும் அவரும் ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு சண்டையில் இறங்கினார்.

மாலை நான்கு மணிக்கு ரொசலிண்ட் பலகையருகே வந்தார்.

"உங்க நியமனக் கடிதம் என் பையில இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. நூத்துக்கு எண்பத்தாறு பேர் இலக்கை எட்டினாங்கன்னு போன வருஷ அறிக்கை சொல்லுது. இன்னைக்கு ஐம்பத்தொண்ணு. அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் குடுக்கற குழு வருது, ஆர்லீன். அவங்களுக்கு என்னன்னு எழுதுவீங்க?"

"ஐம்பத்தொண்ணுன்னு எழுதுவேன்," என்றார் ஆர்லீன்.