மாற்று ஆள் வரும்வரை

ஹவில்தார் யேசுபாதம் காலமான செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்துவிட்டு, மதியம் அவர் மனைவி ரெபெக்காள் வந்து என்னை விடுவித்த பிறகு சித்தூர் வண்டி ஏறியிருந்தேன். வண்டி முழுக்கக் காணிப்பாக்கம் போகிற கூட்டம். கூட்டுரோட்டில் அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரெபெக்காள் அழவில்லை. "சிஸ்டர், அவரு டூட்டி முடிஞ்சிடுச்சி," என்றாள். என் முகத்தைப் பார்த்த பக்கத்து சீட்டு அம்மாள், "ஏமைந்தம்மா?" என்று தெலுங்கில் என்ன ஆயிற்றென்று கேட்டாள். "மா சர்ச் பெத்தாயன போயாரு," எங்கள் சர்ச் பெரியவர் போய்விட்டார் என்றேன். அவள் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள்.

அவரை நம் சபையில் அறியாதவர் இல்லை. பிழைப்புக்காக வெளியூர் போய்விட்ட பிள்ளைகளும் சபைப் பத்திரிகையில் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெதுருகுப்பம் பக்கம் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். வாலிப வயதில் ராணுவத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, சித்தூரில் குடியேறி, நம் தமிழ்ச் சபையில் மூப்பராக இருந்தார். நான் அதே சபையில் இருக்கிற ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படியிருக்க, அவரைப் பற்றி எழுத நான் ஏன் உட்கார்ந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் ஹவில்தாருடையது. எந்த வசனத்தில் ஆரம்பித்தாலும் பேச்சு ராணுவ முகாமுக்குத்தான் போய்ச் சேரும். விசுவாசி ஒரு சிப்பாய்; எப்போது ஆர்டர் வந்தாலும் கிளம்ப வேண்டும்; சட்டை காயவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல முடியாது. "பரேடுக்கு முந்தின நாள் பூட்ஸ் தொடைக்கறவன் சோல்ஜர் இல்ல. டெய்லி தொடைக்கறவன்தான் சோல்ஜர்," என்பார். சொன்னபடி நடந்தும் காட்டினார். அவர் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கான்வாஸ் பை எப்போதும் தயாராகத் தொங்கும். அதில் ஒரு லுங்கி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், சோப்பு, வேதப்புத்தகம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டை அவரை அடக்கம் செய்யும்போது போடுவதற்கு. ரெபெக்காள் அதை அவ்வப்போது எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திரும்ப வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிற புருஷனின் சாவுச் சட்டையைத் துவைக்கிறவளுக்கு மனசு எப்படி இருக்கும் என்று அந்த மனுஷர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. வேலை பார்த்த காலமெல்லாம் சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். மூச்சுக்குத் தவிக்கிறவன் சல்யூட் அடிக்கமாட்டான். ஒருமுறை ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "ஹவில்தாரு, நான் பாத்த யாரும் பூட்ஸ் போட்டுக்கினு சாவல. நனைஞ்ச துணியோடதான் போனாங்க. அவங்கல்லாம் ரெடியா இல்லாதவங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு ட்ரெய்னிங் பத்தல சிஸ்டர்," என்றார்.

அதன்பிறகு பல மாதங்கள் நான் அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. என் வார்டில் செத்தவர்களை அவர் அவமானப்படுத்திவிட்டதாகவே நினைத்தேன்.

அவர்களுக்கு ஒரே மகன், டேனியல். அப்பாவின் வற்புறுத்தலில் ராணுவத்தில் சேர்ந்தவன். லீவில் வந்தால் கோயில் வாசலில் நின்று, "நைனா, அங்க எங்க ஆபீசரு கூட உன்ன மாதிரி மெரட்டறதில்ல," என்று அப்பாவைச் சீண்டுவான். ஹவில்தார் சிரிப்பதை அப்போதுதான் பார்க்கலாம். அவன் சண்டையில் சாகவில்லை. மலைப்பாதையில் ராணுவ லாரி பள்ளத்தில் விழுந்து செத்தான். பெட்டி மூடியபடியே வந்தது. முகத்தையாவது காட்டச் சொல்லி ரெபெக்காள் கேட்டாள். கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் கொடியை மடித்து ஹவில்தாரிடம் கொடுத்தார்கள். விறைப்பாக நின்றுகொண்டிருந்தவர் அதை வாங்கினார். வாங்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தார். அது போகவில்லை. மறுபடி மறுபடி திணித்தார். கடைசியில் நான்தான் போய் அவர் கையிலிருந்து வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் அவர் முறை. வேறு யாராவது செய்யட்டும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். "சபையாருக்கு ஒரு ரிப்போர்ட் சொல்லணும்," என்றார். "இத்தினி வருசமா உங்கள ரெடியா இருங்க, ரெடியா இருங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன். ஆர்டர் வந்துச்சி. நான் ரெடியா இல்ல." அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் பேசியதிலேயே நான் முழு மனசோடு கேட்டது அந்த ஒன்றைத்தான்.

வீட்டில் இருக்க முடியாமல் அவர் திருப்பதிக்கு வேலைக்குப் போனார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் செக்யூரிட்டி. அங்கே ஒருநாள், ஸ்ரீசிட்டி பக்கம் கம்பெனி வேலைக்கு வந்திருந்த தமிழ்நாட்டு ஆள் ஒருவரை விபத்தில் அடிபட்டுக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கூட வந்தவர்கள் ஷிப்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த ஆள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாராம். வார்டில் இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. யாருக்கோ நினைவு வந்து, வாசலில் தமிழ் தெரிந்த செக்யூரிட்டி இருக்கிறார் என்று கூப்பிட ஆள் அனுப்பினார்கள். ஹவில்தார் மாடி ஏறிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் நேராக என்னிடம் வந்தார். "கேட்டுல நின்னுக்கினே இருந்தேன் சிஸ்டர். மேல ஒருத்தன் தனியா போய்ட்டான். அப்ப நான் எதுக்குக் காவல் காத்தேன்?" என்று கேட்டார். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

நம் சபையில் இன்று நடக்கிற காவல் அப்படித்தான் ஆரம்பித்தது. நம்மில் யார் சாகக் கிடந்தாலும், நமக்குத் தெரிய வந்த வேற்றாள் கிடந்தாலும், பக்கத்தில் முறை வைத்து ஒருவர் இருக்க வேண்டும். ராணுவத்துச் சட்டம் ஒன்றை மட்டும் அவர் அதில் கொண்டுவந்து வைத்தார். மாற்று ஆள் வந்து நின்று, "நான் வந்துட்டேன், நீங்க போங்க" என்று வாய்விட்டுச் சொன்னால் ஒழிய இருக்கிறவர் எழுந்திருக்கக் கூடாது. தையல்காரர் ஆசீர்வாதம் இதில் மாட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவரை மாற்ற வேண்டியவர் நேரத்தோடு வந்தார். ஆனால் நோயாளி கண்ணயர்ந்திருந்ததால் பேசாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லாததால் ஆசீர்வாதமும் எழுந்திருக்கவில்லை. பலமனேரிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆசீர்வாதத்தின் மனைவி ஹவில்தார் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். அவர் கைகட்டி நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டார். பிறகு தானே பலமனேர் போய்ப் பேசி அவர்களைத் திரும்ப வரவழைத்தார்.

அவருடைய பிரசங்கமும் மாறிப்போனது. ஒருமுறை சொன்னார்: "காவலுக்கு நிக்கற சென்ட்ரி தனக்காக முழிச்சிக்கினு இருக்கறதில்ல. தூங்கறவங்களுக்காக முழிச்சிக்கினு இருக்கறான். நான் இது தெரியாம பட்டாளத்துல காலம் தள்ளிட்டேன்." இன்னொரு முறை: "ஆண்டவரு சாவறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல சிநேகிதங்கள சண்டை போடச் சொல்லல. கத்தி எடுத்தவனையும் உள்ள வைடான்னுட்டாரு. கொஞ்ச நேரம் எங்கூட முழிச்சிருங்கன்னுதான் கேட்டாரு. அவங்க தூங்கிட்டாங்க." அன்றைக்கு நானே போய் அவருக்கு டீ எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அவருக்கு நுரையீரலில் கட்டி வந்தது. காவலாக இருந்த அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். முறை வைத்து எல்லோரும் போனோம். கடைசி நாள் காலையில் நான் இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவருக்கு மூச்சு கிடைக்கவில்லை. ஆக்சிஜன் முகமூடியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "சிஸ்டர், போவாதீங்க," என்றார். பிறகு, "பயமா கீது," என்றார். பழைய சண்டையெல்லாம் எனக்கு நினைவு வந்தது. "எனக்கும் பயமாத்தான் கீது. இங்கயே கீறேன்," என்றேன். ஜெபம் செய்யப் பார்த்தேன். பாதியில் வார்த்தை நின்றுபோனது. அவர் அமைதியாகவில்லை, சிரிக்கவில்லை, பரலோகத்தைக் கண்டதாகச் சொல்லவில்லை. மதியம் ரெபெக்காள் வந்து, கணவர் காதில் விழும்படி, "நான் வந்துட்டேன், நீங்க போங்க சிஸ்டர்," என்றாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

கடைசி நேரம் எப்படி இருந்தது என்று அவளிடம் பிறகு கேட்டேன். "கடேசி வரிக்கும் அப்டியேதான் இருந்தாரு," என்றாள்.

அடக்கத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையைத் தேடினோம். கான்வாஸ் பையில் இல்லை. சட்டை இருந்த இடத்தில் இரண்டாவது டம்ளர் ஒன்று இருந்தது. "அத அப்பவே குட்த்துட்டாரு," என்றாள் ரெபெக்காள். "அந்த ஸ்ரீசிட்டி ஆளு போனப்ப, போட்டு அனுப்ப நல்ல துணி இல்லன்னு சொன்னாங்களாம். மறுநாள் வந்து எடுத்துக்கினு போயிட்டாரு. வேற சட்டை வைக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், டம்ளர் வையி, கூட உக்கார்றவங்களுக்கும் டீ வேணும்னாரு." அதனால்தான் ஹவில்தாருக்குப் பழைய யூனிபார்ம் போட்டோம். நோயில் உருகிப்போன உடம்பில் அது நிற்கவில்லை. ஆசீர்வாதம்தான் முதுகுப் பக்கம் குண்டூசி குத்தி இறுக்கினார்.

யூனிபார்மைப் பார்த்தவர்கள் வேறு கதை பேசினார்கள். போதகரும் நல்ல எண்ணத்தோடுதான், "நம் ஹவில்தார் பயமறியாத சிப்பாயாக, புன்னகையோடு அழைப்பை ஏற்றுக்கொண்டார்," என்று பிரசங்கித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சாவு வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் மார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள், நம் சபைப் பெண். ஹவில்தாருக்கு வந்த அதே நோய் அவளுக்கும் முற்றிவிட்டது. அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். நான் அவளோடு இருக்கப் போன அன்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு எந்நேரமும் பயமாவே கீது சிஸ்டர். ஹவில்தாரு மாதிரி சிரிச்சிக்கினு போவ என்னால முடியாது. விசுவாசம் இல்லாதவன்னு ஆண்டவரு என்ன வெளிய நிறுத்திடுவாரா?" என்று கேட்டாள். கொஞ்ச நாள் மூச்சு மிச்சமிருக்கிற ஒருத்திக்கு நாம் செய்து வைத்த காரியத்தைப் பாருங்கள் சபையாரே. நேராக ரெபெக்காளிடம் போய், நான் பார்த்ததை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர். பயந்தாருன்னே எழுதுங்க. எம்புள்ளக்கிப் பக்கத்துல யாரும் இல்ல. இவருக்கு நாம இருந்தோம். அதையும் எழுதுங்க," என்றாள்.

ஆகவே எழுதிவிட்டேன். ஹவில்தார் யேசுபாதம் தயாராக இருந்தார் என்று நானும் சொல்வேன். தன் சாவுக்கு அல்ல. அடுத்தவர் சாவுக்குக் கூப்பிட்டபோது, ஒரு தடவையும் காத்திருக்க வைக்காமல் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர். தன் முறை வந்தபோது நம்மைப்போலவே பயந்தார், பயப்படுகிறேன் என்று சொன்னார், துணை கேட்டார். தோட்டத்தில் ஆண்டவர் கேட்டதும் அதுதானே. பச்சைப் பையை ரெபெக்காள் என்னிடம் கொடுத்துவிட்டாள். இப்போது அது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இரண்டு டம்ளரும் அதில் இருக்கின்றன.

இதுவரை எழுதியதை நேற்று மதியம் மார்த்தாளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "நெஜமாவே பயந்தாரா?" என்றாள்.

"பயந்தாரு."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"கைய புடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தேன். வேற ஒண்ணும் தெரியல."

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். மாற்று ஆள் வர இன்னும் நேரமிருந்தது.