வால்பாறையில் மழை இல்லை என்று சொன்னவள்

1. முதல் நாளே தப்பு

துடியலூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் டூர் கோ-ஆர்டினேட்டராக இருந்துவிட்டுப் போன வருடம்தான் ரிட்டையர் ஆனேன். கோ-ஆர்டினேட்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். போன் எடுப்பது, ரூம் போடுவது, வேனில் கூடவே போய் வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம் நீட்டுவது. அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஜூன் மாதத்தில். முதல் போனிலேயே ஒரு அம்மா, "வால்பாறையில மழைங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, நல்ல மழை" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, மழைன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"கேட்டாங்க சார்."

"கேக்கத்தாஞ் செய்வாங்க. மழை பெய்யறது வெவசாயிக்குங்க. டூரிஸ்டுக்குப் பெய்யறது கிளைமேட்டு."

ஒரு தாளில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவரே செருகி வைத்தார். தூறல் என்றால் மிஸ்ட். மழை என்றால் சாரல். கனமழை என்றால் சூப்பர் கிளைமேட். மண்சரிவு என்றால் ரோடு ஒர்க். புயலுக்கு என்ன சொல்வது என்று நான் கேட்கவில்லை. சின்ன வயதில் சர்ச்சில் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசத்தைக்கூட இத்தனை சீக்கிரம் மனப்பாடம் செய்ததில்லை.

சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் எனக்கு அது நன்றாகவே வந்தது. ஐப்பசி அடைமழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகள் மிதந்துகொண்டிருந்தபோது ஒரு புதுமணத் தம்பதியிடம் "குன்னூர்ல ரொமான்டிக்கா இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் மூன்று நாள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. நல்லவேளை, அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

2. கொப்பரைக்காரர்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலையில் காங்கேயத்திலிருந்து ஈஸ்வரமூர்த்தி என்பவர் போன் செய்தார். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர். மனைவி, தங்கை குடும்பம், தம்பி குடும்பம் எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர். புக் செய்வதற்கு முன் மூன்று தடவை மழையைப் பற்றிக் கேட்டார். மூன்று தடவையும் "சாரல்தானுங்க" என்றேன்.

வேனில் நானும் போனேன். டிரைவர் மாரியப்பன் பதினைந்து வருடமாக அந்த மலை ஏறுபவர். தம்பி மாதிரி, என்னை அக்கா என்பார். ஆழியாரில் டீ குடிக்க நிறுத்தினோம். ஈஸ்வரமூர்த்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, இது சாரலுக்கு வர்ற மேகமாட்டத் தெரியலீங்களே."

"மலையில அப்படித்தான் இருக்குமுங்க. மேல போனா சூப்பர் கிளைமேட்டா இருக்கும்."

"களத்துல கொப்பரையக் காயப்போட்டுட்டு நாப்பது வருசமா வானத்தப் பாத்தே பொழைக்கறவனுங்க நானு. உங்காபீசுல மட்டும் மேகத்துக்கு வேற பேரு வெச்சிருக்கறீங்களா?"

நான் சிரித்து வைத்தேன். சிரிப்பதும் வேலையில் ஒரு பகுதி. அவரும் விட்டுவிட்டார், நான் விவரம் தெரிந்தவள் என்று நினைத்து.

3. ரோடு ஒர்க்

அட்டகட்டி தாண்டி, தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில், வைப்பர் போட்டும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அளவுக்கு மழை அடித்தது. ஒரு வளைவில் திரும்பினால் குறுக்கே மரம் கிடந்தது. மாரியப்பன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, மேலருந்து வர்ற தண்ணி செவப்பா வருது. சின்னச் சின்னக் கல்லும் உருளுது. இங்க நிக்கக் கூடாது. பின்னால ஒண்ணுந் தெரியல, ரிவர்ஸ் எடுத்தா பள்ளத்துலதான் போவோம். ஆளுங்கள எறக்குங்க. கீழ எஸ்டேட் லைன் வீடு இருக்கு, நடந்தே போயிரலாம்."

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"எறக்கிப்போடாதீங்க ஸ்டெல்லா! பயந்துக்குவாங்க. ரோடு ஒர்க்குன்னு சொல்லுங்க."

"ரோடே இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பதினோரு பேரையும் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் எறங்கி நடக்கோணுமுங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஈஸ்வரமூர்த்தியின் மனைவி ருக்மணியம்மா ஜன்னலோர சீட்டில் புதுப் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தார்.

"சாரல்னு நீங்கதானுங்க சொன்னீங்க? சாரலுக்கு எதுக்குங்க எறங்கோணும்? சித்த நேரத்துல உட்டுரும். நான் எறங்கமாட்டனுங்க."

தம்பி மனைவியும் தங்கையும், "ஆமாங்க, உட்டுரும்" என்றார்கள். காலையிலிருந்து நான் சொன்ன அத்தனை பொய்யையும் அந்தக் குடும்பம் முழுசாக நம்பியிருந்தது. ஏதோ டொக்கென்று கூரையில் விழுந்தது.

"நான் சொன்னது பொய்ங்க" என்று கத்தினேன். "போன்ல சொன்னது, ஆழியார்ல சொன்னது, எல்லாமே பொய். இது சாரல் இல்லீங்க, கனமழை. மேலருந்து மண்ணு வருது. இப்ப எறங்கலைன்னா செத்துப்போவோமுங்க."

ஈஸ்வரமூர்த்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பிறகு தங்கையின் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் எறங்குங்க. ருக்கு, சேலையப் பாக்காத, வா."

மழையில் கைகோத்துக்கொண்டு, செருப்பு வழுக்க வழுக்கக் கீழே நடந்தோம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், கேள்வி எதுவும் கேட்காமல் எங்களை உள்ளே விட்டு அடுப்பு மூட்டினார். ருக்மணியம்மா கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின. அந்தப் பெண் உப்பைத் தடவி அட்டையை உதிர்த்துவிட்டு, "இதுக்கே இப்படியா?" என்று சிரித்தார்.

அவர் போட்டுக் கொடுத்த பால் இல்லாத வரட்டீ ஆறுவதற்குள், மேலே ஜல்லி லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

மழை விட்ட பிறகு ஈஸ்வரமூர்த்தியும் மாரியப்பனும் நானும் ஏறிப் போய்ப் பார்த்தோம். மண் வேனைக் கைப்பிடிச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போயிருந்தது. ஜன்னல் உடைந்து, ருக்மணியம்மா உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு ஆட்டுக்கல் அளவுக்குக் கல். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஈஸ்வரமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். மாரியப்பன் டூல்ஸ் பாக்ஸைத் தேடினார்.

கீழே வந்து சொன்னதும் ருக்மணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொன்னதுக்கு உங்களத் திட்டறதா, உண்மையச் சொன்னதுக்குக் கும்புடறதா, எனக்குத் தெரியலீங்க அம்மணி."

"ரெண்டையும் பண்ணிப்போடுங்க" என்றேன்.

முதலில் திட்டுவதில் ஆரம்பித்தார். ரோடு திறக்கும்வரை அது முடியவில்லை.

4. பிறகு

மறுநாள் முதலாளி வந்து வேனைப் பார்த்தார். அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரோட்டோரமாக உட்கார்ந்துகொண்டார். "இனிமே மழைய மழைன்னுதானுங்க சார் சொல்லுவேன். வேண்டாம்னா வேற ஆள் பாத்துக்குங்க" என்றேன். அவர் வேறு ஆள் பார்க்கவில்லை. ஆனால் நான் போனில் "அட்டை கடிக்குமுங்க" என்று சொல்லும்போதெல்லாம் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்த சீசனில் புக்கிங் குறைந்தது உண்மை. உண்மை சொன்னால் ஆபீஸ் வாசலில் கியூ நிற்கும் என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன்.

அடுத்த ஜூலையில் ஈஸ்வரமூர்த்தி போன் செய்தார்.

"அம்மணி, வால்பாறை எப்படீங்க?"

"கொட்டுதுங்க. இந்த வாரம் வராதீங்க."

"அடுத்த வாரமுங்க?"

"தெரியாதுங்க."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுக்கே உங்ககிட்ட புக் பண்ணலாமுங்க. நின்னதும் கூப்புடுங்க, வாரோம்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், வண்டியில் இருப்பவர்களைப் பார்த்து "இறங்குங்கள்" என்று சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. அதற்கு முன்னால் நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தால்தான் அவர்கள் உடனே இறங்குவார்கள்.