முதல் லயத்து வேஷம்

நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம் என்று முடிவு செய்பவர்கள், திருவிழா முடிந்து மூன்று மாதத்துக்கு ஊருக்குள் தலைகாட்டக் கூடாது. கோயில் நாடகம் ஒன்றாவது போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக் கவுண்டரில் எனக்கு வேலை. எங்கள் பழைய எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் நாடகம் எழுதி இயக்குவதும் நான்தான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

வாசித்துக் காட்டிய அன்று

இந்த வருட நாடகம் ஒரு விதவைத் தாயைப் பற்றியது. எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், அவள் மட்டும் வீட்டைவிட்டு இறங்க மறுக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பெண்களை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னேன். பத்துப் பேர் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பித்தார்கள்.

கடைசியாக தேவகி. பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் கடையில் மீன் வெட்டுகிறவள், நாற்பது வயது, மேடை ஏறியதே இல்லை. "இந்தக் கதவ நான் பூட்ட மாட்டேன்" என்ற வசனத்தைக் குரலை உயர்த்தாமல் சொன்னாள். போன் நோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். என் அவசர புத்தி சும்மா இருக்குமா? "நீதான் அம்மா" என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டேன். அவள் நம்பவில்லை.

"விளையாடாதீங்க அக்கா, அப்புறம் நான் நெசம்னு வீட்ல சொல்லிருவேன்."

கவுண்டருக்கு வந்த தலைவர்

மறுநாள் கோயில் கமிட்டித் தலைவர் செல்லையா அண்ணன் கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் "என்ன செய்யுது அண்ணே?" என்றேன். அவருக்கு ஒரு நோயும் இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில், பெரிய வேஷம் முதல் லயத்துக்குத்தான் போகும் என்பது எங்கள் எஸ்டேட் வழக்கம். வேலை வாங்கும் மண்டோர்களின் குடும்பங்கள் இருந்த வரிசை அது. தேவகி வீட்டார் கடைசி லயம். அம்மா வேஷம் தன் மனைவி சரோஜா அக்காவுக்குத்தான் என்று தலைவர் வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம்.

லயங்களை இடித்து செம்பனை நட்டு வருஷக்கணக்காகிவிட்டது, எல்லாரும் தாமான் குடியிருப்பில் ஒரே அளவு வீட்டில்தானே இருக்கிறோம் என்றேன். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"லயத்தத்தான் இடிச்சாங்க தங்கச்சி, வரிசைய யாரும் இடிக்கலயே."

பட்டுச்சேலை ஒத்திகை

விட்டுக்கொடுக்க மனமில்லை. இரண்டு பேரையும் கமிட்டி முன்னால் நடிக்க வைத்தேன், அவர்களே பார்க்கட்டும் என்று. தேவகி வேலை முடிந்த கையோடு வந்து முழு வசனத்தையும் காகிதம் இல்லாமல் சொன்னாள். சரோஜா அக்கா பட்டுச்சேலையில், கழுத்து நிறைய நகையோடு வந்தார். சோற்றுக்கு இல்லாதவள் பட்டு கட்டுவாளா என்று கேட்டேன்.

"அழச் சொன்னா அழுவுறேன், பழைய சேல மட்டும் முடியாது லா, முன் வரிசையில என் சம்பந்தி உக்காருவாங்க."

மண்டபச் சாவி

கமிட்டி அன்று முடிவு எடுக்காமலே கலைந்தது. அடுத்த நாள் தலைவரிடமிருந்து குரல் செய்தி. சரோஜா அக்கா இல்லையென்றால் மண்டபத்தைத் திறக்க மாட்டாராம். திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பதினைந்து பேர் வேலைக்குப் போய்விட்டு வந்து ஒத்திகை பார்த்த நாடகம். இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் பணிந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தேவகியிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை, கடைக்கே போனேன். திருவிழா அன்றைக்கு லீவு வாங்குவதற்காக, மூன்று ஞாயிறு கூடுதலாக வேலை செய்வதாக கடை முதலாளி தவுக்கேயிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். கலும்பாங்கிலிருந்து அவள் நடிப்பதைப் பார்க்க மாமியார் வீட்டு ஆட்கள் வேன் பிடித்து வருவதாக இருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேஷம் இருக்கிறது, இரண்டு வசனம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மீனைக் கழுவிக் கூடையில் போட்ட பிறகுதான் பேசினாள்.

"அடுத்த வாட்டி வேஷம் குடுத்தா என் காதுல மட்டும் சொல்லுங்க அக்கா, திரும்ப வாங்கும்போது ஊரு பாக்காம இருக்கும்."

நாடகம் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் இப்போது தேவகியின் கடையைத் தாண்டி, தஞ்சோங் காராங் வரை போய் மீன் வாங்குகிறேன்.